தக்காளி சாதம், வயது அறுபது

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஒலிபெருக்கியில் இந்த அறிவிப்பு வந்தது.

"பக்தர்கள் கவனத்துக்கு. காணாமல் போனவர் பெயர் தக்காளி சாதம். வயது அறுபது. கடைசியாகக் காணப்பட்ட இடம் மூன்றாம் பந்தல். அடையாளம், வெங்காயம் பூண்டு இல்லாமல். பார்த்தவர்கள் உடனே மண்டபத்துக்கு அழைத்து வரவும்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்த கூட்டம் ஒரு நொடி நின்றது. பிறகு எங்கோ ஒருவர் சிரித்தார், அது அப்படியே பாதை நெடுகப் பரவிப் போனதை மண்டபத்துக்குள் இருந்தே என்னால் கேட்க முடிந்தது. நான் சிரிக்கவில்லை. அந்த அறிவிப்பை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நிரல் நான் எழுதியது.

அலுவலகத்திலிருந்து என்னை வழியனுப்பிய அன்று நீங்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவளிடம் கேட்க உங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விருப்ப ஓய்வு மனுவில் ரத்த அழுத்தம் என்று காரணம் எழுதினேன். ரத்த அழுத்தத்துக்கு என்ன காரணம் என்று எழுத அதில் இடம் விடவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் ஊருக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அதில் மனிதர்கள் ஒருவரையொருவர் தொலைப்பதும் தெரியும். அடி அண்ணாமலை அருகில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஊர்ப் பெரியவர்கள் சிலர் சபை ஒன்று நடத்தினார்கள். பாதையில் அவர்களுக்கு நான்கு பந்தல்கள். யாராவது காணாமல் போனால் பந்தலில் இருக்கும் தொண்டர் ஒரு மடிக்கணினியில் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், அடையாளம் என்று நான்கு விவரங்களைப் பதிவார். அது மண்டபத்துக் கம்ப்யூட்டருக்கு வரும். அங்கே லோகநாயகி அக்கா மைக்கில் வாசிப்பார். அவர் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் என்பதால், எதைக் கொடுத்தாலும் அதே நிதானத்தோடு வாசிப்பார்.

இதற்கு நான் இரண்டு நிரல்கள் எழுதியிருந்தேன். ஒன்று பந்தல்களிலிருந்து வருவதை வாங்கும். இன்னொன்று அதை அக்காவின் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு மெசேஜ் க்யூ. முதல் நிரல் செய்தியை அதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அக்கா ஒன்றை வாசித்து முடித்து பட்டனைத் தட்டினால், இரண்டாவது நிரல் அடுத்ததை எடுத்துக் கொடுக்கும். எடுத்த செய்தி க்யூவில் இருக்காது, ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். அதன் பொருள் எனக்கு ஐந்தே காலுக்குப் புரிந்தது.

நான்கு பௌர்ணமிகளுக்கு இவை ஒரு குறையும் இல்லாமல் ஓடின. ஐந்தாவது மாதம் சபையின் பொருளாளருக்கு ஒரு யோசனை வந்தது. மண்டபத்தின் பின்பக்கம்தான் சமையல். எந்தப் பந்தலுக்கு எந்தச் சாதம் எத்தனை பொட்டலம் வேண்டும் என்று தொண்டர்கள் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதையும் கம்ப்யூட்டரில் போட்டு, சமையலறையில் ஒரு திரையில் காட்டிவிடலாம் என்று சதீஷ் என்ற பையனிடம் சொன்னார். சதீஷ் நம் அலுவலகம் இல்லை. தேரடித் தெருவில் தனியாக ஒரு கடை போட்டு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவன். கெட்டிக்காரன்.

"சமையலுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடலாங்க சார்" என்று நான் பொருளாளரிடம் முதலிலேயே சொன்னேன்.

"எதுக்கும்மா? உங்களுது சும்மாதான இருக்குது? நாலு பேர் காணாம போறதுக்கு ஒரு கம்ப்யூட்டரா? அதுலயே போடச் சொல்லுங்க. கரண்ட்டும் கம்மி."

அன்று காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அவர்தான் போனில் இருந்தார். என் மகள் கயல் பல் துலக்கிக்கொண்டே என்னிடம் என்னவோ சொன்னாள். அவள் பிளஸ் டூ. முதல் தடவையாக எங்கள் துணை இல்லாமல் இரண்டு தோழிகளோடு மலை சுற்றப் போகிறாள். எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டிருந்தது. ஒரு காதில் பொருளாளர், இன்னொரு காதில் நுரை பொங்கும் வாயோடு கயல். "சரி சரி. நாலரைக்கு மண்டபத்துக்கு வந்துடு. நீலச் சுடிதார் அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஐந்து பத்துக்குத் தக்காளி சாதம் காணாமல் போனபோது கயல் நாற்பது நிமிடம் தாமதம். பௌர்ணமியன்று நம் ஊரில் போன் வேலை செய்யாது. அந்தக் குரல், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று சொல்லுமே, அதை நான் பதினோரு முறை கேட்டிருந்தேன்.

"அக்கா, என்ன வாசிச்சீங்க?" என்று ஓடினேன்.

"திரையில வந்தத."

"தக்காளி சாதம்னு வந்தா வாசிச்சுடுவீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்? எங்க தெருவுல ஒருத்தருக்குப் பேரு பட்டாணி. எம்பது வயசு. நல்ல மனுஷன்." அவர் பட்டனைத் தட்டினார். மைக்கை இழுத்தார். நான் தடுப்பதற்குள், "காணாமல் போனவர் பெயர் எலுமிச்சை சாதம். வயது நாற்பது. அடையாளம், சீக்கிரம்" என்றார்.

வெளிக் கவுண்டரில் ஓர் ஆள் வந்து கை கட்டி நின்றார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய துக்கம். "தக்காளி சாதத்துக்கு நான் சித்தப்பா வேணும்மா. எங்க இருக்காரு? சூடா இருக்காரா?" அவருக்குப் பின்னால் நான்கு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடுபவர், முனுசாமி என்று பெயர். மனைவியைத் தொலைத்துவிட்டு எங்கள் கவுண்டரிலேயே பதிந்தவர். பதியும்போது அடையாளம் என்னவென்று தொண்டர் கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, "வாய் ஜாஸ்திங்க" என்றார். தொண்டர் அதையே போட்டுவிட்டார்.

"ஏம்மா, என் சம்சாரம் பேரு இன்னும் வரலியே. எனக்குப் பின்னாடி வந்த சோறெல்லாம் வந்துடுச்சு."

"வரும் ஐயா. க்யூவுல இருக்கு."

"அதுவா? க்யூவுலயா? அது நிக்காதும்மா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திரையில் தப்பு வந்தால் முதலில் திரையை நிறுத்த வேண்டும், காரணத்தை அப்புறம் தேடலாம் என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்று நான் அதைச் செய்யவில்லை. காரணத்தையும் தேடவில்லை. பக்கத்து மேசை மடிக்கணினியை இழுத்து என் மகளைப் பதிந்தேன். நிரல் கோளாறாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்தக் கோளாறான நிரலிலேயே என் பெண்ணைப் போட்டேன். பயம் வந்துவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

பெயர் கயல்விழி. வயது பதினேழு. கடைசியாகக் காணப்பட்ட இடம், வீட்டு வாஷ் பேசின் என்றுதான் மனதில் வந்தது. கிழக்குக் கோபுர வாசல் என்று போட்டேன், அங்கிருந்துதான் கிளம்புவதாகப் பேச்சு. அடையாளம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. நீலச் சுடிதார் என்று அடித்தேன். அதே சுடிதாரில் பாதையில் எத்தனை பேர் போவார்கள்? வேறு என்ன? மச்சம் இருக்கிறது, அதை ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. கயலை நினைத்தால் என்ன தோன்றுகிறதோ அதை அடித்தேன். 'சொன்னால் கேட்கமாட்டாள்.' அனுப்பிவிட்டேன்.

அந்த நேரம் பின்கதவைத் திறந்துகொண்டு சமையல் மாஸ்டர் வந்தார். கையில் பெரிய கரண்டி.

"மேடம், இன்னா நடக்குது? மொதல்ல ராமசாமி அறுபத்தஞ்சுன்னு வந்துச்சு. யாரோ தொண்டர் பேரப் போட்டுட்டு அயிட்டத்த விட்டுட்டாரு போலனு, குபேர லிங்கத்தாண்ட அறுபத்தஞ்சு லெமன் அனுப்பிட்டேன். குறிப்புல காது மந்தம்னு இருந்துச்சு. சரி, சத்தமா கூப்பிட்டுக் குடுக்கச் சொன்னேன். இப்ப கோவிந்தம்மா எழுவத்திரண்டுன்னு வந்திருக்குது. வாய் ஜாஸ்தியாம். வாய் ஜாஸ்தின்னா இன்னா, காரம் ஜாஸ்தியா?"

"அது என் சம்சாரம்" என்றார் முனுசாமி.

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப காரம்தான்."

மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த சதீஷைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். ஐந்து மணி சுமாருக்குத்தான் அவன் சமையல் நிரலை முதல் முதலாக ஓடவிட்டிருந்தான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, இந்த மெஷினில் என்னென்ன க்யூ இருக்கிறது என்று பட்டியல் போட்டோம். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

"சதீஷ், உன் க்யூவுக்கு என்ன சாவி குடுத்த?"

சாவி என்பது ஓர் எண். உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த எண் உள்ள க்யூவைக் கொடு என்று நிரல் மெஷினைக் கேட்கும். அப்படி ஒன்று இல்லையென்றால் உருவாக்கிக் கொடுக்கும். ஏற்கெனவே இருந்தால், யார் உருவாக்கியது, எதற்கு என்றெல்லாம் கேட்காமல் அதையே கொடுத்துவிடும். எண்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது தட்டினால்கூட இரண்டு பேர் ஒரே எண்ணில் மோத மாட்டார்கள்.

சதீஷ் ஜன்னலைப் பார்த்தான். "ரெண்டாயிரத்து அறுநூத்தி அறுபத்தெட்டு மேடம்."

"மலை உயரமா?"

"ஆமா மேடம். ஜன்னல் வழியா மலை தெரிஞ்சுது. அடியில எவ்ளோனு எல்லாருக்கும் தெரியும், மறக்காதுனு போட்டேன். உங்களுது?"

என்னுடையதும் அதேதான். நம் அலுவலகத்து வைஃபை கடவுச்சொல்லின் கடைசி நான்கு எண்களை நீங்களே நினைத்துப் பாருங்கள். முதலாளியின் ஸ்கூட்டர் நம்பரையும் நினைத்துப் பாருங்கள். நான் என் ஏடிஎம் எண்ணை அன்று இரவே மாற்றினேன். நீங்களும் மாற்றுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இரண்டு பேர் இப்படி மோத வாய்ப்பே இல்லை. இந்த ஊரில் மோதாமல் இருந்தால்தான் அதிசயம்.

இருவருமே க்யூவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்து வைத்திருந்தோம். அதனால் மெஷினும் தடுக்கவில்லை. இரண்டு பேரின் செய்தியிலும் முதலில் ஒரு பெயர், பிறகு ஓர் எண், பிறகு ஓர் இடம், பிறகு ஒரு குறிப்பு. அளவும் பொருந்திப் போயிற்று. பந்தல்களிலிருந்து மனிதர்களும் சோறும் ஒரே வரிசையில் வந்து நிற்க, முன்பக்கம் லோகநாயகி அக்கா பட்டனைத் தட்டினால் முதலில் நிற்பதை அவர் எடுத்துக்கொள்வார், பின்பக்கம் மாஸ்டர் தட்டினால் அவர் எடுத்துக்கொள்வார். மனிதரா, சோறா என்று இருவரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

உருவாக்கும்போது ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்திருந்தால் போதும். புதிதாக இருந்தால் மட்டும் கொடு, ஏற்கெனவே இருந்தால் எனக்குச் சொல் என்று. அப்படி ஒரு வசதி அதிலேயே இருக்கிறது. சேர்த்திருந்தால் சதீஷின் நிரல் கிளம்பும்போதே நின்று, இங்கே ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கும். கேட்காமல் நுழைந்ததுதான் வினை.

இந்த நேரத்தில் பொருளாளர் வந்து சேர்ந்தார். பாதையில் நடந்து வந்திருக்கிறார். வழியெல்லாம் ஜனங்கள் அவரிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா! எங்க வீட்டு டிவி இப்படித்தான் பண்ணும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்!"

"பண்ணக்கூடாதுங்க சார்."

"ஏன் கூடாது?"

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். லோகநாயகி அக்காவிடம், "அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

ஆனால் நான் சொன்னது உண்மை. நிரல் செத்தாலும் க்யூ சாகாது. மெஷினை அணைத்தால் க்யூ போய்விடும். பட்டியலில் அப்போது முப்பத்துச் சொச்சம் செய்திகள் காத்திருந்தன. பாதி சோறு. மீதி, பந்தலில் வந்து தம் மனிதரைப் பதிந்துவிட்டு, இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவர்களுடையவை. பதிந்ததும் சிலர் தேடிக்கொண்டே நடந்து போயிருப்பார்கள், அவர்களைப் பிடித்து மறுபடி கேட்க முடியாது. அந்த வரிசையில் எங்கோ கயல் இருந்தாள். அவள் மட்டும் இல்லாமலிருந்தால் பொருளாளர் சொன்னதைக் கேட்டு அணைத்திருப்பேனோ என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன்.

சதீஷ் குனிந்து என் காதருகில் சொன்னான். "மேடம், ரெண்டு நிமிஷத்துல சின்னதா ஒண்ணு எழுதிடறேன். எல்லாத்தையும் வெளிய எடுத்து, உங்க பொண்ணோடத மட்டும் மொதல்ல அக்காவுக்கு அனுப்பிட்டு, மீதிய திரும்ப உள்ள போட்டுடலாம்."

இந்த ஊரில் பிறந்தவளுக்கு க்யூவில் முன்னால் போகும் ஆசை புதிதல்ல. என் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. வெளியே எடுத்ததும் அவசரத்தில் எழுதிய அந்த நிரல் விழுந்தால், எடுத்தது அத்தனையும் போகும். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை போயிற்று.

முனுசாமிக்குக் காது கூர்மை. "உன் பொண்ணயா காணோம்?" என்றார். "வயசுப் பொண்ணா? அப்ப மொதல்ல அத பாரும்மா. எங்க வூட்டுது எங்கியும் போயிடாது. எங்கனா உக்காந்து யாரையாவது திட்டிக்கினு இருக்கும்."

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் விலகி நின்றார். விலகி நின்றவரின் கண் மட்டும் ஒலிபெருக்கியை விட்டு அகலவில்லை. அவர் அப்படி விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டிருந்தால் நான் எழுதச் சொல்லியிருப்பேன். கையை எடுத்தேன்.

அடுத்து நான் செய்தது மிகச் சாதாரணம். பெருமையாகச் சொல்லும்படி அதில் கணினி எதுவும் இல்லை. க்யூவில் போடுகிற நிரல்கள் இரண்டையும் நிறுத்தினோம், புதிதாக எதுவும் சேராது. எடுக்கிற நிரல்கள் இரண்டையும் அப்படியே ஓடவிட்டோம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் நடுவில் இருந்த ஜன்னலைத் திறந்தோம். முன்பக்கம் சோறு வந்தால் அக்கா மைக்கை மூடிக்கொண்டு பின்பக்கம் கத்துவார். பின்பக்கம் மனிதர் வந்தால் மாஸ்டர் முன்பக்கம் கத்துவார். க்யூ காலியாகும் வரை இப்படியே. கோளாறைத் திருத்துவது ஒரு வேலை, உள்ளே இருப்பவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது வேறு வேலை. இரண்டாவதை முதலில் செய்யுங்கள்.

"சாம்பார் சாதம் முப்பது, ரெண்டாம் பந்தல்!" என்று அக்கா ஜன்னலைப் பார்த்து, அதே பஸ் ஸ்டாண்ட் நிதானத்தோடு அறிவித்தார்.

"வாங்கிக்கினேன்! இந்தாங்க, தேவராஜ் அம்பது, வழுக்க!"

"வழுக்கை வாங்கிக்கொண்டேன்!"

"பொன்னுசாமி எழுவது! குறிப்பு, பேரச் சொன்னா கோச்சுக்குவாராம்!"

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

"எனக்கின்னா தெரியும்? நான் சோறு ஆக்கறவன்!"

பொருளாளர் நடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். "ரெண்டு புரோகிராமுக்கு காசு குடுத்தேன். கடைசியில ஜன்னல்தான் வேல செய்யுது" என்றார்.

ராமசாமியின் பெயரும் கோவிந்தம்மாளின் பெயரும் மாஸ்டரிடம் முன்பே போயிருந்ததால் அவற்றைத்தான் முதலில் அறிவிக்கச் செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கவுண்டருக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. ஆளுக்கு முன்னால் குரல் வந்து சேர்ந்தது.

"யாரு காணாம போனது? நானா? நான் எங்கியும் போவல. நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருந்தேன். இந்த மனுஷன்தான் திரும்பிக்கூடப் பாக்காம விறுவிறுனு முன்னாடி போச்சு! இதுல மைக்குல வேற, வாய் ஜாஸ்தியாம்! ஊரே கேட்டுச்சு!"

முனுசாமி தலை குனிந்து நின்றார். முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது. போகும்போது என் பக்கம் திரும்பி, "உன் பொண்ணும் வந்துடும்மா. க்யூவுல இருக்குது இல்ல?" என்றார்.

க்யூவில்தான் இருந்தாள். செய்திகள் குறையக் குறைய பட்டியலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா வாசிக்கும் ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்துக்கும் எனக்கு மூச்சு நின்று வந்தது. மாஸ்டர் ஜன்னலில் கத்தும்போதும் அதேதான். கமலா என்றார், குமரேசன் என்றார், புளி சாதம் என்றார். கயல்விழி என்று யாரும் சொல்லவில்லை.

பட்டியல் பூஜ்யத்தைக் காட்டியது.

சதீஷ், "காலி மேடம்! சாவிய மாத்திடலாம்!" என்று குதித்தான். எனக்கு அது காதில் விழவில்லை. நான் போட்ட செய்தி உள்ளே இல்லை. அக்கா வாசிக்கவில்லை. மாஸ்டர் கத்தவில்லை. எடுத்தாயிற்று. எடுத்தது யார்? வெளியே லட்சக்கணக்கான ஜனம், வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, என் பெண்ணைப் பற்றி இந்த உலகத்துக்கு நான் அனுப்பிய ஒரே ஒரு செய்தியும் தொலைந்து போயிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் எழுந்தேன்.

சமையல் பக்கத்துக் கதவு திறந்தது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் மஞ்சளாக ஒரு பெண் நின்றாள். மஞ்சள் சுடிதார். இடுப்பில் கை. அவளுக்குப் பின்னால் இரண்டு தோழிகள், அவர்களுக்கும் பின்னால் மாஸ்டர்.

"மேடம், கடைசியா ஒண்ணு வந்துச்சு. அத கத்தலாம்னு போனேன். பொட்டலம் கட்டிக்கினு இருந்த இந்தப் பொண்ணு திரையப் பாத்துட்டு, கத்தாதீங்கண்ணா, நானே கொண்டு போய்க் குடுக்கறேன்னுச்சு" என்றார்.

நான் அழுதேனா, அடிக்கப் போனேனா, கட்டிக்கொண்டேனா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"மூணே முக்காலுக்கே வந்துட்டேம்மா. முன்னாடி கும்பலா இருக்கும், பின்பக்க வாசல் வழியா வந்து சமையல்ல ஹெல்ப் பண்ணிட்டிருப்போம்னு காலையிலயே உன்கிட்ட சொன்னேன். நீ சரி சரின்னுதான சொன்ன? இப்ப சொல்லு, சொன்னா கேக்காதது யாரு?"